பிரவுசர்ல 1942 ஃப்ளைட் கேம்: மூணாவது ஸ்டேஜே தாண்ட முடியலன்னு கேட்டவருக்கு

நீங்க கேட்டது இதுதானே: சின்ன வயசுல டிவி கேம்ல விளையாடின 1942, அதாங்க கடல் மேல ஒரு குட்டி ஃப்ளைட் மேல போய்க்கிட்டே சுடுமே அது, அதை இப்ப ஆன்லைன்ல ஏதோ ஒரு சைட்ல போட்டுப் பாத்தீங்க, மூணாவது ஸ்டேஜ்லயே எல்லா லைஃபும் காலி, அப்ப எட்டு வயசுல பத்து ஸ்டேஜ் போன ஆளுக்கு இப்ப வயசாயிடுச்சா இல்ல கேமே வேறயா, ஒழுங்கா விளையாட எங்க போகணும்னு. வயசு கொஞ்சம் காரணம்தான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதை விட பெரிய காரணம் கீபோர்டு, ஸ்கிரீன், நீங்க திறந்த சைட். அதுக்கும் முன்னாடி, உங்க ஞாபகத்துல இருக்கிற 1942வும் நீங்க இப்ப விளையாடினதும் அனேகமா ரெண்டு வேற கேம்.

முதல்ல அதைத் தெளிவாக்கிடுவோம். ஒரிஜினல் 1942, கடையில காசு போட்டு விளையாடுற ஆர்கேட் மெஷின்ல வந்தது, 1984ல, காப்காம் கம்பெனி. காப்காம் அப்பதான் ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க முதல் ஆர்கேட் கேம் வல்கஸ் அதே வருஷம்தான் வந்துச்சு. 1942வை டிசைன் பண்ணவர் யோஷிகி ஒகமோட்டோ. இவர் அதுக்கு முன்னாடி கொனாமில டைம் பைலட், கைரஸ்னு ரெண்டு ஹிட் கொடுத்துட்டு அங்க இருந்து வெளிய வந்தவர். பின்னாடி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பின்னாலயும் இருந்தது இவர்தான். நாம டிவில கேசட் சொருகி விளையாடினது இது இல்ல, இதையே 1985ல ஃபேமிகாம்ங்கிற நின்டெண்டோ டிவி கேமுக்காக மைக்ரோனிக்ஸ்னு ஒரு கம்பெனி மாத்திக் கொடுத்தது. அந்த மைக்ரோனிக்ஸ் ஆளுங்க மாத்துன கேம் எல்லாமே கொஞ்சம் நொண்டும், 1942வும் அப்படித்தான், ஓட்டம் திக்கித் திக்கி இருக்கும், எதிரி ஃப்ளைட் விட்டு விட்டு மின்னும். அந்த 9999 இன் 1 கேசட்ல இருந்தது இதோட காப்பிதான். நமக்கு அது தெரியாது, கேம்னாலே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம்.

வித்தியாசம் அழகுல மட்டும் இல்ல. ஆர்கேட் மெஷின்ல பிக்சர் டியூபையே செங்குத்தா திருப்பி வச்சிருப்பாங்க, அகலம் 224 பிக்சல், உயரம் 256, ஆனா பாக்குறதுக்கு மூணுக்கு நாலு சைஸ்ல நல்லா நீளமா நிக்கும். மேல எதிரி வந்ததுல இருந்து உங்ககிட்ட வர்றதுக்கு அவ்வளவு தூரம் இருக்கு. டிவி கேம்ல அதையே நம்ம படுத்த டிவிக்கு அடக்கினதால உயரம் குறைஞ்சு பக்கவாட்டுல எடம் கூடிடுச்சு. அதனால நீங்க சின்ன வயசுல பழகினது பக்கவாட்டுல ஓடித் தப்பிக்கிறது. ஆர்கேட் வெர்ஷன்ல அந்தப் பழக்கத்தோட இறங்கினா ரெண்டு ஓரத்துலயும் சுவரு, ஓட எடம் இல்ல. அதான் மூணாவது ஸ்டேஜ்ல சாவு. (மூணாவதுன்னா ஸ்கிரீன்ல 30னு போட்டிருக்கும். இந்த கேம் 32ல ஆரம்பிச்சு 1 வரைக்கும் எறங்குமே தவிர ஏறாது, டோக்கியோவுக்கு இன்னும் எத்தனை ஸ்டேஜ்னு எண்ற மாதிரி.)

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. ஜப்பான் கம்பெனி, ஜப்பான் டிசைனர், ஆனா விளையாடுறவன் அமெரிக்க ஃப்ளைட் ஓட்டிட்டுப் போய் ஜப்பான் ஃப்ளைட்டையே சுடணும், கடைசில டோக்கியோ. வெளிநாட்டு மார்க்கெட்டை மனசுல வச்சுப் பண்ணது. நீங்க ஓட்டுற ஃப்ளைட், ரெட்டை வால் மாதிரி இருக்குமே, அது பி-38 லைட்னிங். நிஜத்துல அது தரையில இருந்து கிளம்புற ஆர்மி ஃப்ளைட், கப்பல்ல இருந்து கிளம்பி சண்டைக்குப் போனதே இல்ல, ஆனா கேம்ல ஜம்முனு கப்பல்ல இருந்து கிளம்பி கப்பல்லயே எறங்கும். நிஜமா 1942 ஏப்ரல் 18ல ஹார்னெட்ங்கிற கப்பல்ல இருந்து டோக்கியோவுக்குக் குண்டு போடப் போனது 16 பி-25 பாம்பர்கள். பி-38 பேர் வாங்கினது சரியா ஒரு வருஷம் கழிச்சு அதே தேதில, 1943 ஏப்ரல் 18, ஜப்பான் அட்மிரல் யமமோட்டோ போன ஃப்ளைட்டைச் சுட்டு விழுத்தினப்ப. ரெண்டு கதையையும் மிக்ஸில போட்டு அடிச்ச மாதிரிதான் இந்த கேம்.

சரி, எங்க விளையாடுறது. "1942 கேம் ஆன்லைன்"னு தேடினா வர்ற சைட்ல பாதிக்கு மேல ஒரிஜினல் கிடையாது, யாரோ புதுசா எழுதின டூப்ளிகேட், ஃப்ளைட் படம் இருக்கும், கடல் இருக்கும், சுட்டா வெடிக்கும், அவ்வளவுதான். கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு: ஒரிஜினல் உங்ககிட்ட காசு கேட்கும். ஆர்கேட் மெஷினை அப்படியே ஓட்டுற எமுலேட்டர்னா காசு போடுற பட்டன் ஒண்ணு இருக்கும், அதை அழுத்தாம ஸ்டார்ட் ஆகவே ஆகாது. திறந்த உடனே "ப்ளே" பட்டனும், அதைச் சுத்தி நாலு விளம்பரமும் இருந்தா அது வேற சரக்கு. அப்புறம் "இந்த கேம் ஓட ஃப்ளாஷ் பிளேயர் டவுன்லோட் பண்ணுங்க"ன்னு எந்த சைட் சொன்னாலும் உடனே மூடிடுங்க. ஃப்ளாஷை அடோபியே 2020 டிசம்பர் 31ஓட நிறுத்திட்டாங்க, இப்ப ஃப்ளாஷ்னு எவன் ஃபைல் கொடுத்தாலும் அது உங்க சிஸ்டத்துக்குக் கேடுதான்.

ஒரிஜினலை பிரவுசர்ல ஓட்டுற வித்தை எப்படி வந்துச்சுன்னா, 1997ல நிக்கோலா சால்மோரியான்னு ஒரு இத்தாலிக்காரர் மேம்னு ஒரு எமுலேட்டரை ஆரம்பிச்சார். பழைய மெஷின் போர்டுல இருந்த சிப்பு என்னென்ன வேலை பாத்துச்சோ அதை எல்லாம் சாஃப்ட்வேர்ல அப்படியே நடிச்சுக் காட்டுறதுதான் எமுலேட்டர். 1942 போர்டுல ரெண்டு இசட்80 ப்ராசஸர், ஒண்ணு கேமுக்கு, ஒண்ணு சவுண்டுக்கு மட்டும், கூட ரெண்டு சவுண்ட் சிப். அந்தக் காதைக் குடையுற விசில் சத்தமும் டிரம்ஸும் அந்த ரெண்டு சிப் பண்ற கைங்கரியம். இந்த மேமையே பின்னாடி எம்ஸ்கிரிப்டன்னு ஒரு டூல் வச்சு பிரவுசருக்குள்ள ஓடுற மாதிரி மாத்தினாங்க, பழைய புக், சாஃப்ட்வேர் எல்லாம் சேத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற சைட்ல ஜேசன் ஸ்காட் குரூப் 2014 நவம்பர்ல சுமார் 900 ஆர்கேட் கேமை இந்த மாதிரி பிரவுசர்லயே ஓடுறபடி ஏத்தி வச்சாங்க. இன்ஸ்டால் எதுவும் வேண்டாம், எமுலேட்டரும் கேமும் சேந்து இறங்குறதுக்கு முதல் தடவை கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

காப்பிரைட் பத்தி ஒரு வார்த்தை. நாப்பது வருஷம் ஆச்சே, யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு இருக்காதீங்க, 1942 இன்னும் காப்காம் சொத்துதான், காசுக்கு வித்துக்கிட்டும் இருக்காங்க. 2021ல காப்காம் ஆர்கேட் ஸ்டேடியம்னு ஒண்ணு விட்டாங்க, முதல்ல நின்டெண்டோ ஸ்விட்ச்ல, அப்புறம் பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்ல. அதை இறக்கினப்ப இதோட அடுத்த பாகமான 1943 இலவசமாவே கூட வந்துச்சு, 1942 காசு கொடுத்து வாங்குற பேக்ல இருந்துச்சு. அதுல ரீவைண்ட் இருக்கு, ஸ்பீடைக் குறைக்கலாம், உலகம் பூரா ஸ்கோர் போட்டியும் இருக்கு. பிடிச்சுப் போய் தினம் விளையாடப் போறீங்கன்னா காசு கொடுத்து இதை வாங்குறதுதான் நியாயம், வசதியும் கூட. ஒரு சாயங்காலம் ஞாபகத்துக்காகத் தொட்டுப் பாக்கணும்னா பிரவுசர் போதும்.

இப்ப கை விஷயத்துக்கு வருவோம், உங்க பிரச்னையில பாதி இங்கதான். மேம்ல ஒண்ணும் மாத்தலன்னா கீ இப்படி: 5 அழுத்தினா காசு, 1 அழுத்தினா ஸ்டார்ட், ஏரோ கீல ஓட்டம், இடது கன்ட்ரோல் சுடுறதுக்கு, இடது ஆல்ட் குட்டிக்கரணத்துக்கு, அதாவது ஃப்ளைட் ஒரு சுத்து சுத்தி குண்டுல இருந்து தப்பிக்கிறதுக்கு. இது அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டருக்கு வச்ச கீ, பிரவுசருக்கு இது ஒரு கண்ணிவெடி. நான் முதல் தடவை பிரவுசர்ல விளையாடினப்ப 24 வரைக்கும் வந்துட்டேன், வாழ்க்கையில முதல் தடவையா, வலப்பக்கம் இருந்து குண்டு வருது, இடப்பக்கம் ஒதுங்கிக்கிட்டே குட்டிக்கரணம் போட ஆல்ட்டையும் இடது ஏரோவையும் சேத்து அழுத்தினேன், பொசுக்குனு பழைய பேஜுக்குப் போயிடுச்சு. ஆல்ட்டும் இடது ஏரோவும் சேந்தா பிரவுசர்ல "பேக்" இல்லையா, கேம் அந்த கீயைப் பிடிச்சு வைக்கலன்னா அதுதான் நடக்கும். முன்னாடி போனேன், கேம் முதல்ல இருந்து, 32. வீட்டுல எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க, கத்தக்கூட முடியல. மேக் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம், கன்ட்ரோலும் ஏரோவும் சேந்தா டெஸ்க்டாப்பே மாறிடும், அதாவது சுட்டுக்கிட்டே நகந்தா கேம் காணாமப் போகும். விண்டோஸ்ல கன்ட்ரோலை அழுத்திக்கிட்டு இருக்கும்போது கை தவறி டபிள்யூ பட்டா பிரவுசர் டேபே மூடிடும், அதையும் சொல்லிடறேன்.

அதனால முதல் வேலை கீயை மாத்துறது. கேம் ஓடும்போது டேப் கீயை அழுத்தினா மேம் மெனு வரும், அதுல இன்புட் செட்டிங்ல போய் சுடுறதுக்கு இசட், குட்டிக்கரணத்துக்கு எக்ஸ்னு வச்சுக்கோங்க. வச்சுட்டு இன்னொண்ணு செக் பண்ணுங்க: மேல் ஏரோ, இடது ஏரோ, இசட் மூணையும் ஒண்ணா அழுத்திப் பாருங்க, மூணும் வேலை செய்யுதான்னு. விலை கம்மியான கீபோர்டு, லேப்டாப் கீபோர்டு நிறைய சில மூணு கீ கூட்டணியை ஒத்துக்காது, மூணாவதை விழுங்கிடும். நீங்க குறுக்கா போய்க்கிட்டே சுடுறதா நெனப்பீங்க, ஃப்ளைட் சும்மா போகும், மோதும். நீங்க "ரிஃப்ளெக்ஸ் போச்சு"ன்னு உங்களைத் திட்டிக்குவீங்க. மூணும் சேரலன்னா வேற எழுத்து ட்ரை பண்ணுங்க, ஏதாவது ஒரு ஜோடி ஒத்து வரும். யூஎஸ்பி கேம்பேட் ஒண்ணு இருந்தா இந்தத் தலைவலியே இல்ல, ஆனா அனலாக் குச்சியில ஆடாதீங்க, அந்தப் பிளஸ் பட்டன்ல ஆடுங்க, இந்த கேமுக்கு எட்டு திசை போதும், அரைத் திசை எல்லாம் கிடையாது.

அடுத்தது லேக். கேம் செகண்டுக்கு அறுபது படம் காட்டுது, ஒரு படம் கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்ட். பழைய டியூப் டிவில பட்டன் அழுத்தினதும் ஸ்கிரீன்ல தெரியறதும் ஏறக்குறைய ஒண்ணா நடக்கும். இப்ப பிரவுசர் ஒரு ரெண்டு படம் லேட், ப்ளூடூத் கேம்பேட் கொஞ்சம் லேட், லேப்டாப்பை பெரிய எல்ஈடி டிவில மாட்டினீங்கன்னா டிவி படத்தைப் பளபளப்பாக்க எடுத்துக்கிற நேரம் வேற. சில டிவில அது மட்டுமே 100 மில்லிசெகண்ட் வரும், அதாவது ஆறு படம். மச்சான் வீட்டு டிவில போட்டுட்டு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி 31லயே செத்துக்கிட்டு இருந்தோம், அப்புறம் டிவி செட்டிங்ல கேம் மோடு போட்டதும் அதே கை, அதே ஆள், 27 வரைக்கும் போச்சு. ப்ளூடூத் இயர்போனும் வேண்டாம், சத்தம் பின்னாடி வந்தா கை தாளம் தப்பும். சத்தமே வரலன்னா பயப்படாதீங்க, நீங்க ஒரு தடவை கேம் மேல கிளிக் பண்ணாத வரைக்கும் பிரவுசர் சவுண்டை விடாது.

ஸ்கிரீன் விஷயத்துல, லேப்டாப்ல கேம் நடுவுல ஒரு கம்பம் மாதிரி நிக்கும், ரெண்டு பக்கமும் கறுப்பு. அதை ஃபுல் ஸ்கிரீனுக்கு இழுத்து விடாதீங்க, ஃப்ளைட் எல்லாம் தவளை மாதிரி படுத்துக்கும். தனி மானிட்டர் திரும்புற ஸ்டாண்டோட இருந்தா செங்குத்தா திருப்பிப் போட்டு ஒரு தடவை ஆடிப் பாருங்க, ஏன் இதை அப்படி டிசைன் பண்ணாங்கன்னு அப்பதான் புரியும். போன்ல நேரா பிடிச்சா சைஸ் கச்சிதமா பொருந்தும், ஆனா கட்டை விரலே பாதிக் கடலை மறைச்சிடும். போன்ல ரெண்டு நிமிஷம் டைம் பாஸ், அதுக்கு மேல இல்ல.

இதெல்லாம் சரி பண்ணிட்டும் செத்தா அப்ப ஆட்டத்தைப் பத்திப் பேசலாம். எல்லாரும் பண்ற தப்பு, ஸ்கிரீனோட அடிமட்டத்துல போய் ஒட்டிக்கிறது. இந்த கேம்ல பெரிய ஃப்ளைட் சிலது பின்னாடி இருந்து, அதாவது கீழ இருந்து மேல வரும். ஓரத்துல ஒட்டியிருந்தா அது வர்றதே தெரியாது, நேரா உங்க மேல ஏறிடும். கீழ இருந்து ஒரு கால்வாசி உயரம் விட்டு நில்லுங்க. குட்டி ஃப்ளைட் எல்லாம் கிட்ட வந்து யூ டர்ன் போட்டுத் திரும்பும், திரும்பிப் போறதைத் துரத்தாதீங்க. துரத்திக்கிட்டு மேல போனவன்தான் அடுத்து வர்ற கூட்டத்துல மாட்டுறவன்.

குண்டு பத்தி ஒண்ணு புரிஞ்சா பாதி கேம் முடிஞ்சது. எதிரி சுடுறப்ப நீங்க எங்க இருந்தீங்களோ அந்த எடத்தைப் பாத்துத்தான் குண்டு வரும், சுட்டதுக்கு அப்புறம் அது வளையாது. அதனால குண்டைப் பாத்துட்டு இங்கயும் அங்கயும் தாவாதீங்க, ஒரே பக்கமா மெதுவா, பட்டனைத் தட்டித் தட்டி நகருங்க, எல்லா குண்டும் நீங்க இருந்த எடத்துக்குப் போய்க்கிட்டே இருக்கும், நீங்க அங்க இருக்க மாட்டீங்க. ஓரம் வந்ததும் ஒரு தடவை மட்டும் பெருசா குறுக்க தாண்டி, மறுபடி மெதுவா. பின்னாடி தொண்ணூறுகள்ல வந்த டோன்பாச்சி மாதிரி குண்டு மழை கேம்கள்லயும் இதே சூத்திரம்தான் அடிப்படை, ஆனா அங்க உங்க ஃப்ளைட்டுல அடிபடுற எடம் ரொம்பச் சின்னது, மத்த பாகத்து மேல குண்டு பட்டாலும் ஒண்ணும் ஆகாது. 1942ல அந்தச் சலுகையை எதிர்பாக்காதீங்க.

சிவப்பு ஃப்ளைட் வரிசையா வந்தா எல்லாத்தையும் விட்டுட்டு அதைப் பிடிங்க, முழு வரிசையும் விழுந்தா பி.ஓ.டபிள்யூன்னு எழுதின டப்பா வரும். நாலு குண்டா அகலமா சுடுறது, ரெண்டு பக்கமும் துணை ஃப்ளைட் வர்றது, எல்லாம் அதுல இருந்துதான். நாலு குண்டு இருக்கிறவனும் இல்லாதவனும் ஆடுறது ஒரே கேமே இல்ல. குட்டிக்கரணம், ஆரம்பத்துல மூணு கொடுப்பான், ஸ்கிரீன் மூலையில இங்கிலீஷ் எழுத்து ஆர்னு (R) போட்டிருக்கும். மேல சுத்தி வர்ற வரைக்கும் எதுவும் படாது, ஆனா சுடவும் முடியாது. நிறைய பேர் சாகும்போது மூணு ஆரும் பாக்கெட்லயே இருக்கும், நானும் அப்படித்தான், மிச்சம் பிடிச்சு யாருக்குக் கொடுக்கப் போறோம்? மூணு பக்கமும் அடைச்ச உடனே போட்டுடுங்க. போடுறதுக்கு முன்னாடி எறங்குற எடத்துல என்ன வந்துக்கிட்டு இருக்குன்னு மட்டும் ஒரு பார்வை. அயாகோன்னு ஒரு ராட்சச பாம்பர் வரும், ஸ்கிரீன்ல ஒரு பெரிய பங்கை அதுவே அடைச்சுக்கும், அதுக்கு ஒரு ஆராவது கையில வச்சிருக்கணும்.

கடைசியா ஒண்ணு, இது உங்களுக்கு பிடிக்காமப் போகலாம். பிரவுசர்ல காசு இலவசம், 5ஐ தட்டிக்கிட்டே இருக்கலாம். அப்படித் தட்டித் தட்டி மேல போனீங்கன்னா இருபதே நிமிஷத்துல போர் அடிச்சு மூடிடுவீங்க, ஏன்னா 32 ஸ்டேஜும் ஒரே கடல், ஒரே தீவு, அதே விசில், கதையும் கிடையாது. செத்தா காசு போகும்ங்கிற பயம்தான் இந்த கேம். அதனால ஒரே காயின்னு வச்சுக்கோங்க, 5ஐ ஒரு தடவைதான் தொடுவேன்னு. முதல் நாள் 30, அடுத்த நாள் 28, அப்படி எண்ணுங்க. ஒரு குறிப்பிட்ட ஸ்டேஜ்ல திரும்பத் திரும்ப சாகுறீங்கன்னா, சேவ் பண்ற வசதி இருந்தா அந்த ஸ்டேஜை மட்டும் சேவ் பண்ணி பத்து தடவை பழகுங்க, பழகிட்டு மறுபடி முதல்ல இருந்து ஒரே காயின். டேப் மெனுவுலயே டிப் சுவிட்ச்னு இருக்கும், மெஷின் வச்சிருந்த கடைக்காரன் எத்தனை லைஃப், எவ்வளவு கஷ்டம்னு செட் பண்ண போர்டுல இருந்த குட்டி சுவிட்ச்தான் அது. ஆரம்பத்துல லைஃபைக் கூட்டி வச்சுக்கிட்டா ஒண்ணும் தப்பில்ல, கேட்க கடைக்காரன் இல்ல.

ரெண்டு பேர் சேந்து ஆடணும்னா 1942 வேண்டாம், இதுல ஒருத்தர் செத்தாதான் அடுத்தவர். 1987ல வந்த 1943 எடுங்க, அதுல ஒரே நேரத்துல ரெண்டு ஃப்ளைட், லைஃபுக்குப் பதிலா எனர்ஜி பார், அது சும்மா பறந்தாலே குறைஞ்சுக்கிட்டே வரும். என்னைக் கேட்டா அதுதான் நல்ல கேம். ஆனா உங்க காதுல ஓடிக்கிட்டு இருக்கிற விசில் 1942தானே, அதனால முதல்ல கீயை மாத்திட்டு ஒரு காயின் போட்டுட்டு எத்தனைல செத்தீங்கன்னு வந்து சொல்லுங்க. என்னோடது இப்போதைக்கு 17.